ஃப்ளோரிடா 2000: எப்படி எண்ணியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

ஜார்ஜ் புஷ் 29,12,790. அல் கோர் 29,12,253. வித்தியாசம் 537 வாக்குகள். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியில் சாப்பிட்டு எழுந்துவிடுகிற கூட்டம்.

2000 நவம்பர் 7 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் கடைசியில் இந்த ஒரு மாநிலத்தில் வந்து நின்றது. அங்கே அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள்; ஃப்ளோரிடாவுக்கு அப்போது 25, மாநிலத்தில் முந்துபவருக்கே மொத்தமும். நாடு முழுக்கக் கூட்டினால் கோர் சுமார் 5,40,000 வாக்குகள் முன்னால் இருந்தார். அங்கே அந்தக் கணக்கு செல்லாது. இந்த 25 யாருக்கோ, அவருக்குத்தான் வெள்ளை மாளிகை.

பேச்செடுத்தாலே ‘நீதிமன்றம் தூக்கிக் கொடுத்த வெற்றி’ என்பார்கள் ஒரு சாரார், ‘தோற்றவர்களின் புலம்பல்’ என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்த 36 நாள் சண்டையில் யார் எந்த எண்ணும் முறையைக் கேட்டார்கள், கேட்டது கிடைத்திருந்தால் லாபம் யாருக்கு என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், இருவருமே தங்களுக்குப் பாதகமானதைக் கேட்டுத்தான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

முதலில் அந்த இரவு. எட்டு மணிக்குச் சற்று முன்பே தொலைக்காட்சிகள் ஃப்ளோரிடா கோருக்கு என்றன. பத்து மணிவாக்கில் வாபஸ். நள்ளிரவு தாண்டி இரண்டே காலுக்கு, புஷ்ஷுக்கு என்றன. கோர் புஷ்ஷுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, தோல்வி உரை நிகழ்த்த நாஷ்வில்லில் காரில் கிளம்பிவிட்டார். வழியில் தகவல் வந்தது: வித்தியாசம் கரைந்துகொண்டிருக்கிறது. மறுபடி போன், சொன்ன வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள. இதற்கு நடுவே வொலூஸியா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு கணினிக் கோளாறில் கோரின் கணக்கிலிருந்து 16,022 வாக்குகள் திடீரென்று கழிந்து போயிருந்தன. வாக்கு கூடும், நிற்கும், குறையுமா? அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள் என்றாலும், அந்த இரவின் லட்சணம் அது.

விடிந்தபோது புஷ் 1,784 வாக்குகள் முன்னிலை. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்பது ஃப்ளோரிடா சட்டம். அதைச் செய்ததும் முன்னிலை முந்நூறு சொச்சமாகச் சுருங்கியது. வெளிநாட்டுத் தபால் வாக்குகளைச் சேர்த்ததும் 930 ஆக ஏறியது.

புஷ் முகாம்: இருப்பது இருக்கட்டும்

புஷ் தரப்பில் தளபதி ஜேம்ஸ் பேக்கர். கோர் தரப்பில் வாரன் கிறிஸ்டோபர். இருவருமே முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள், இருவருமே வழக்கறிஞர்கள். ஆனால் பேக்கர் தேர்தல் களத்தில் ஊறியவர். கிறிஸ்டோபர் பேச்சுவார்த்தை மேசையில் ஊறியவர். இந்த ஒரு வித்தியாசம் பாதி ஆட்டத்தைத் தீர்மானித்தது என்பேன்.

பேக்கரின் வாதம் ஒரே வரிதான்: ஒருமுறை எண்ணியாகிவிட்டது, இயந்திரத்தில் இன்னொருமுறையும் எண்ணியாகிவிட்டது, இரண்டிலும் புஷ் முன்னால், அப்புறம் என்ன? முன்னால் இருப்பவர் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மாநிலம் தன் தேர்வாளர்களை முடிவு செய்ய இருந்த டிசம்பர் 12 என்ற சட்டக் கெடு வரை நேரத்தை ஓட்டினால் போதும். மறு எண்ணிக்கையை நிறுத்தக் கோரி முதலில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனவர்களும் இவர்கள்தான்.

அரசு எந்திரமும் அவர்கள் வசம் இருந்தது. ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் சொந்தத் தம்பி. தேர்தலை நடத்திச் சான்றளிக்க வேண்டிய மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அந்த மாநிலத்தில் புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்! தேர்தல் ஆணையம் என்ற தனி அமைப்பைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். கோர் தரப்பும் இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் பட்டர்வொர்த், கோர் பிரசாரத்தின் ஃப்ளோரிடா தலைவர். ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போடும் பேனா ஹாரிஸ் கையில் இருந்தது.

கோர் முகாம்: எல்லா வாக்கையும் எண்ணு, ஆனால் நாலு இடத்தில்

கோர் தரப்பின் கோஷம் கேட்க நன்றாக இருந்தது: ஒவ்வொரு வாக்கையும் எண்ணுங்கள். கையால் எண்ணக் கேட்டதோ 67 கவுண்டிகளில் நான்கில் மட்டும்: பாம் பீச், ப்ரோவர்ட், மயாமி-டேட், வொலூஸியா. நான்குமே கோரின் ஜனநாயகக் கட்சிக்கு வாக்கு அதிகம் விழும் இடங்கள். கோஷத்துக்கும் கோரிக்கைக்கும் நடுவே இருந்த இந்தப் பள்ளத்தைப் பேக்கர் விடுவாரா? தினமும் அதிலேயே நின்று பேசினார்.

சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது உண்மை. மாநிலம் முழுக்க என்று ஒரே மனு போட வழியில்லை. கவுண்டி கவுண்டியாக, குறுகிய கெடுவுக்குள் கேட்க வேண்டும். ஆனாலும் 67 மனு போட்டிருக்கலாம். நவம்பர் 15 அன்று கோர் தொலைக்காட்சியில் தோன்றி, விரும்பினால் மாநிலம் முழுக்கவே கையால் எண்ணலாம் என்றார். புஷ் அன்றிரவே மறுத்துவிட்டார். அத்தோடு கோர் தரப்பும் அதை விட்டுவிட்டது. என் பார்வையில் அவர்கள் தோற்ற நாள் அதுதான்.

பட்டாம்பூச்சிச் சீட்டு

இப்போது சீட்டுக்கு வருவோம். பாம் பீச் கவுண்டியின் தேர்தல் அதிகாரி தெரசா லபோர் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்தார். வேட்பாளர்கள் பத்துப் பேர். வயதானவர்கள் அதிகமுள்ள ஊர். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று பெயர்களை எதிரெதிரே இரண்டு பக்கங்களில் அச்சிட்டு, துளை போடும் வரிசையை நடுவில் வைத்தார். பார்க்க இறக்கை விரித்த பட்டாம்பூச்சி. இடது பக்கம் முதலில் புஷ், இரண்டாவது கோர். வலது பக்கம் முதலில் பேட் புக்கானன். முதல் துளை புஷ்ஷுக்கு. இரண்டாவது துளை? கோருக்கு என்றுதான் கை போகும். அது புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது. அந்தச் சீட்டின் படத்தைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்திருந்தும் அம்புக்குறி எங்கே போகிறது என்று நான் இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது.

விளைவு: பாம் பீச்சில் தீவிர வலதுசாரியான புக்கானனுக்கு 3,407 வாக்குகள். யூத முதியோர் ஏராளமாக வாழும் கவுண்டி அது. கோரின் துணை அதிபர் வேட்பாளரோ, பெரிய கட்சி ஒன்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் யூதரான ஜோ லீபர்மன். அவற்றில் பெரும்பாலானவை தனக்கு விழுந்தவை அல்ல என்று புக்கானனே சொல்லிவிட்டார். இன்னும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் தவறை உணர்ந்தோ குழம்பியோ கோர், புக்கானன் இரண்டு துளையையும் குத்தியிருந்தார்கள். அவை செல்லாத வாக்குகள். 537 எங்கே, இது எங்கே!

ஆனால் எந்த எண்ணும் முறையாலும் இவற்றை மீட்க முடியாது. இரண்டு துளை விழுந்த சீட்டைக் கையால் எண்ணினாலும் இரண்டு துளைதான். மறுதேர்தல் கேட்டுப் போட்ட வழக்குகளும் எடுபடவில்லை.

துளையா, குழியா?

மீட்கக்கூடியது என்று எல்லோரும் நம்பியது இன்னொரு வகை: இயந்திரம் ‘குறியே இல்லை’ என்று ஒதுக்கிய சீட்டு. ஊசியால் குத்தும்போது சதுரத் துணுக்கு முழுதாக விழாமல் ஒரு மூலையில் தொங்கும்; சிலதில் வெறும் குழி மட்டும் இருக்கும். ப்ரோவர்ட் கவுண்டியின் நீதிபதி ஒருவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியே ஒரு சீட்டை முட்டை விழியோடு உற்றுப் பார்க்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

குழி விழுந்தாலும் வாக்காளரின் எண்ணம் தெரிகிறது, எண்ணு என்றது கோர் தரப்பு. துணுக்கு விழுந்தால்தான் வாக்கு என்றது புஷ் தரப்பு. 2001 ஏப்ரலில் மயாமி ஹெரால்டும் யுஎஸ்ஏ டுடேயும் இந்தக் குறியில்லாச் சீட்டுகளை எடுத்து ஆராய்ந்தபோது வந்த விடை: கோர் கேட்ட தாராள அளவுகோலில் எண்ணினால் புஷ் 1,665 வாக்குகளில் ஜெயிக்கிறார். புஷ் தரப்பு கேட்ட கறாரான அளவுகோலில் எண்ணினால் கோர் மூன்றே மூன்று வாக்குகளில் ஜெயிக்கிறார். இரண்டு கட்சிக்காரர்களும் தத்தம் எதிராளிக்காக வாதாடியிருக்கிறார்கள்.

வரிசையாக வைத்தால்

அதைவிடப் பெரிய ஆய்வு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நார்க் நிறுவனம் செய்தது. எட்டு ஊடக நிறுவனங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்தது. இயந்திரம் ஒதுக்கிய சுமார் 1,75,000 சீட்டுகள். அதில் குறி விழாதவை 61,000 சொச்சம். இரட்டைக் குறி விழுந்தவை அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கோர் கேட்டபடி நான்கு கவுண்டி: புஷ் 225 வாக்குகளில் வெற்றி. ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் டிசம்பர் 8 அன்று 4-3 என்று உத்தரவிட்டபடி மாநிலம் முழுக்கக் குறியில்லாச் சீட்டுகள் மட்டும்: அப்போதும் புஷ், நானூறுக்கு மேல். மாநிலம் முழுக்க, குறி விழாதது, இரட்டைக் குறி இரண்டையும் சேர்த்து: கோர். துளைக்கு எந்த அளவுகோல் வைத்தாலும் கோர்தான், இருநூறுக்குள்.

காரணம் சுலபம். வட்டத்தை நிரப்பும் வகைச் சீட்டு பயன்படுத்திய கவுண்டிகளில் பலர் கோர் பெயருக்கு நேரே நிரப்பிவிட்டு, கீழே பெயர் எழுதும் இடத்திலும் ‘கோர்’ என்று எழுதியிருந்தார்கள். இயந்திரத்துக்கு அது இரட்டைக் குறி. படிக்கத் தெரிந்த யாருக்கும் அது கோருக்குப் போட்ட வாக்கு. கோர் ஜெயிக்க வேண்டிய வாக்குகள் அங்கே கிடந்தன. அவருடைய வழக்கறிஞர்கள் பூதக்கண்ணாடியோடு தெற்கே நின்றிருந்தார்கள். அந்த நாலு கவுண்டியிலும் இரண்டில் வேலை ஒழுங்காக முடியவில்லை. மயாமி-டேட் நேரம் போதாது என்று நவம்பர் 22-ல் நடுவில் நிறுத்தியது; பாம் பீச் கெடுவை இரண்டு மணி நேரம் போலத் தவறவிட, ஹாரிஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறுக்கிடாமல் இருந்திருந்தால் கோர் ஜெயித்திருப்பாரா என்பதற்கு இதில் நேரான பதில் இல்லை. டிசம்பர் 9 அன்று எண்ணிக்கையை மேற்பார்வையிட்ட நீதிபதி டெரி லூயிஸ், இரட்டைக் குறிச் சீட்டுகளையும் பார்க்கலாமா என்ற யோசனை தனக்கு இருந்ததாகப் பின்னாளில் பத்திரிகைகளிடம் சொன்னார். யோசித்து முடிப்பதற்குள் வாஷிங்டனிலிருந்து 5-4 தடை வந்துவிட்டது. டிசம்பர் 12-ல், கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறுவது சமத்துவத்துக்கு விரோதம் என்று ஏழு நீதிபதிகளும், சரி செய்ய இனி நேரமில்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். நேரத்தை ஓட்டினால் போதும் என்ற பேக்கரின் கணக்கு அங்கே பலித்தது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் இங்கே வாங்கிய 97,488 வாக்குகளையோ, கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியையே இழந்ததையோ இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும். டென்னசியின் 11 கிடைத்திருந்தால் ஃப்ளோரிடாவை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நார்க் முடிவுகள் வெளியானது 2001 நவம்பரில். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதம்தான் ஓடியிருந்தது. புஷ் போர்க்கால அதிபர். பெரும்பாலான பத்திரிகைகள் ‘அப்போதும் புஷ்தான் ஜெயித்திருப்பார்’ என்ற பாதியைத் தலைப்பில் போட்டன. இரட்டைக் குறிச் சீட்டின் கதை கீழே, உள்ளே, சில பத்திகள் தள்ளி இருந்தது.