66,000 ரூபாவில் பழைய கேமிங் கணினியைத் தேற்றியது: மத்திய வீதி மேல்மாடிக் கடை

திருகோணமலையில் கேமிங் கணினிக்குச் சாமான் வாங்குவது என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொழும்புதான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் வேண்டியதெல்லாம் கிடைக்கும், விலையும் கொஞ்சம் குறைவு. ஆனால் போக 260 கிலோமீற்றர், வர 260 கிலோமீற்றர். வாங்கியது வேலை செய்யாவிட்டால் மறுபடியும் அதே அலைச்சல். அதனால் இம்முறை ஊருக்குள்ளேயே பார்ப்போம் என்று மத்திய வீதியில் உள்ள ஒரு சின்னக் கணினிக் கடைக்குப் போனேன். பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போய் ஓர் எழுத்தும் தெரியாது. கீழே புடவைக் கடை, மேலே இது. 'மேல்மாடிக் கடை' என்றால் சுற்றுவட்டாரத்தில் விளங்கும்.

என்னுடைய டவர் (கணினிப் பெட்டி) 2014-இல் மச்சான் ஒருவர் பொருத்தி எடுத்தது. அவர் கனடா போனபோது என்னிடம் வந்தது. இன்டெல் ஐ5-4570 புரொசசர், எச்81 மதர்போர்ட் (எல்லாச் சாமானும் பொருந்தும் பலகை), ஒரே ஒரு 8 ஜீபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேமின் படத்தைத் திரைக்குத் தரும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்ட். அந்தக் காலத்தில் குறை சொல்ல முடியாத சாமான். இப்போது விண்டோஸ் திறந்து முடிவதற்குள் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிடலாம். எனக்கு உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலை. சீசன் முடிந்து மழை தொடங்கினால் இரவில் வேறு வேலை கிடையாது, கேம்தான். சேர்விஸ் சார்ஜில் மிச்சம் பிடித்து வைத்திருந்தது 70,000 ரூபா. அந்தக் காசுக்குப் புது புரொசசர், புது போர்ட், புது ரேம், அதற்கு மேல் ஒரு கார்ட் என்று யோசிக்கவே தேவையில்லை. இருக்கிற போர்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி.

கடையில் எனக்கு முதலில் பிடித்தது, நான் கார்ட் விலை கேட்டதும் கடைக்காரர் விலை சொல்லாததுதான். "தம்பி, முதல்ல டவரைக் கொண்டு வாங்கோ, பிறகு கார்டைப் பற்றிக் கதைப்பம்" என்றார். கொண்டுபோனேன். படி ஒடுக்கம், டவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவது பெரும்பாடு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூடியைக் கழற்றியதும் அவர் பார்த்தது கார்டை அல்ல, ஸ்குரூக்களை. எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். பின்பக்கத் தகட்டில் தவிட்டுப் புள்ளி புள்ளியாகத் துரு, இரண்டு ஸ்குரூ தலை தேய்ந்து திரும்பவே மறுத்தன. வெளியே படிக்கட்டு முகப்பில் வைத்து புளோவரால் தூசியை ஊதினார். பிறகு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்தார். அழிறப்பரில் கறுப்பு இழுபட்டு வந்தது. "உப்புக் காத்து. இடைக்கிடை ஸ்கிரீன் வராம பீப் அடிச்சிருக்குமே?" என்றார். அடிப்பதுதான், நான் அதைச் சொல்லியே இருக்கவில்லை. கார்டின் பற்களுக்கும் அதே வைத்தியம். கொழும்புக் கடைகளில் இதற்கெல்லாம் பொறுமையாக உட்காருவார்களா தெரியாது. கடற்கரை ஊர்க்காரருக்கு இது பழக்கப்பட்ட வருத்தம்.

அடுத்தது பவர் சப்ளை. கேசோடு சேர்ந்து வந்தது, மேலே 500 வொட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கழற்றி என் கையில் தந்தார். எடையே இல்லை. பிறகு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைக் காட்டினார்: 16 அம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192. புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். ஆகவே மேலே போட்டிருக்கும் 500 வெறும் பேச்சு. புரொசசர் 84 வொட், நான் பிறகு எடுத்த கார்ட் 75 வொட், ஃபேனும் டிஸ்க்கும் வேறு. சமாளிக்கும், ஆனால் எத்தனை நாளைக்கு? நம் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 80 பிளஸ் பிரொன்ஸ் முத்திரையுள்ள (கரண்டை வீணாக்குவது குறைவு என்பதற்கான முத்திரை) 550 வொட் ஒன்று 16,500 ரூபா. கேமில் நொடிக்கு ஒரு ஃபிரேம்கூட (திரையில் வரும் படம்) கூட்டித் தராத சாமானுக்கு என் காசில் கால்வாசி போகிறதே என்று முணுமுணுத்தேன். இருந்தாலும் அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு வாதாட வழியில்லை.

கார்ட் விடயத்தில்தான் இந்தக் கடைக்கு முழுப் புள்ளி. நான் மனதில் வைத்துக்கொண்டு போனது பாவித்த ஆர்எக்ஸ் 580. 8 ஜீபி, விலையும் தோது. வேண்டாம் என்றார். 185 வொட் இழுக்கும், வெயில் காலத்தில் அறையே சூடாகும். அதைவிட, 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் (கார்டை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) நிற்கும் வரை இந்த வகைக் கார்டுகளில் பல இரவு பகலாக ஓடியவை. எது ஓடியது, எது ஓடாதது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சரி, அப்படியென்றால் கரண்ட் குறைவாக எடுக்கும் ஆர்எக்ஸ் 6400? அதற்கும் தலையை ஆட்டினார். அந்தக் கார்ட் பிசிஐ எக்ஸ்பிரஸில் (கார்டையும் போர்டையும் இணைக்கும் வழி) நாலே நாலு லேன் பாவிக்கிறது. புதுப் போர்டுகளில் பரவாயில்லை. என்னுடைய எச்81 இன்னும் 2.0 தலைமுறை, நாலு லேனில் நொடிக்கு 2 ஜீபிதான் போகும். அவர் எடுக்கச் சொன்ன ஜிடிஎக்ஸ் 1650 பதினாறு லேனையும் எடுப்பதால் அதே ஸ்லொட்டில் 8 ஜீபி. இதை ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினார். 6400-ஐ என் தலையில் கட்டியிருந்தால் அவருக்கு லாபம் கூட, அது ஷோகேஸில் புதுப் பெட்டியோடு இருந்தது. 1650 பாவித்தது, 30,000 ரூபா.

1650-க்கு இன்னொரு காரணமும் உண்டு. என் 750 டிஐ தலைமுறைக்கு 2025 ஒக்டோபரோடு என்விடியா புதுக் கேம் டிரைவர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. 2019-இல் வந்த 1650-க்கு அது இன்னும் தொடர்கிறது. தனி பவர் வயர் தேவைப்படாத மொடல் என்பதால் கேசுக்குள் கசகசப்பும் இல்லை.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் இணைய விளம்பரத்தைப் பார்த்து கொரியரில் ஒரு 1050 டிஐ கார்ட் எடுப்பித்தார். காசைக் கட்டிப் பார்சலைப் பிரித்து மாட்டினால், உள்ளே இருந்தது பத்து வருடத்துக்கும் மேற்பட்ட வேறொரு சிப், பெயரை மட்டும் மாற்றி எழுதியது. விற்றவரின் போன் அதன் பிறகு வேலை செய்யவில்லை. அதனால் நான் சோதித்துத் தரச் சொல்லிக் கேட்பதாக இருந்தேன். கேட்க முதலே கடைக்காரர் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து சிப்பின் பெயரைக் காட்டினார், பிறகு கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கை ஓடவிட்டு, இருபது நிமிடம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். ஏசி இல்லாத அறையில் கார்டின் வெப்பம் 72 பாகையில் வந்து நின்றது. திரையில் கோடோ புள்ளியோ இல்லை.

மீதிச் சாமான் சுருக்கமாக: பாவித்த 8 ஜீபி டிடிஆர்3 இன்னொன்று 4,000, புது 480 ஜீபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு) 13,000, கைக்கூலி 2,500. எல்லாம் சேர்த்து 66,000. எச்81-இல் ரேம் ஸ்லொட் இரண்டுதான், உச்சம் 16 ஜீபி. ஆகவே ரேமில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு ரேமும் போட்டதால் அவை சேர்ந்து வேகமாக ஓடும் டியூவல் சானலும் கிடைத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் உணர்ந்த வித்தியாசம் எஸ்எஸ்டிதான், கார்ட் அல்ல. பழைய விண்டோஸை அப்படியே குளோன் பண்ணித் தந்திருந்தார். பவர் பட்டனை அழுத்திக் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் திரை தயார். ஜிடிஏ 5 முன்பு கிராபிக்ஸை நோர்மலில் வைத்தே திக்கித் திணறும், இப்போது 1080பி ஹையில் நொடிக்கு அறுபது ஃபிரேமுக்குக் கீழே இறங்குவது அரிது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 அப்படியல்ல. சும்மா ஓடும்போது நூறை எட்டும், புகைக்குண்டு இரண்டு வெடித்து நாலைந்து பேர் ஓரிடத்தில் கூடினால் சட்டென்று விழுகிறது. அது கார்டின் குற்றமில்லை, நாலு கோர் நாலு திரெட் (ஒரே நேரத்தில் நாலு வேலை) உள்ள ஐ5 மூச்சு வாங்குகிறது. அதே சொக்கெட்டில் எட்டுத் திரெட் ஐ7-4770 உட்காரும், அவரிடமே பாவித்தது 13,000 ரூபாவுக்கு இருக்கிறது. "இப்ப வேண்டாம், விளையாடிப் பார்த்துட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. 'நாளைக்குத் தாறன்' என்றால் நாளைக்கு என்று நம்பிப் போகாதீர்கள். மத்தியானம் கடை எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். வயர்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டிருந்தார். சூட்டில் அது இரண்டு மாதம் தாங்காது, நான் கழற்றிக் கேபிள் டை போட்டேன். புதுச் சாமானில் தெரிவு குறைவு, இருப்பதில் எடு என்கிற மாதிரி. வங்கிக் கார்டில் காசு கட்ட வசதியில்லை. பாவித்த சாமானுக்கு அவராகப் பில் எழுத மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். கேட்டதும் சீரியல் நம்பரோடு மூன்று மாத வாரண்டி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

விண்டோஸ் விடயம் ஒன்று. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை கேட்பார்கள், 4570 நாலாம் தலைமுறை. சுற்றுவழியில் 11 போட்டுத் தரவா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீடித்திருக்கிறது, அதில் பதிந்துகொண்டேன். வங்கிக் கணக்கு வேலையெல்லாம் போனில்தான், இந்தக் கணினி விளையாட்டுக்கு மட்டும்.

புது ரைசன் புரொசசரும் பளபளக்கும் கேசும் தேடுபவர்கள் கொழும்புக்கே போகலாம், இங்கே அது இல்லை. நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை டவரை வைத்துக்கொண்டு கையில் எண்ணி வைத்த காசோடு இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். டவரையும் கையோடு கொண்டுபோங்கள், அது இல்லாமல் விலை சொல்ல மாட்டார். ஞாயிறு பூட்டு. வாட்ஸ்அப்புக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் பதில் வரும்.