உயிர் எலியா, உறைந்த எலியா? கொழும்பு வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு பால் பைத்தனின் (ball python, ஒரு வகை வெளிநாட்டு மலைப்பாம்பு) முதுகில், தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, செதில்கள் ஒழுங்கில்லாமல் முளைத்த ஒரு தழும்பு இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் வந்தது. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள் அவை. ஃப்ரீஸரில் வைத்திருந்த எலிகள் அத்தனையும் பழுதாகிவிட்டன. வழமையாக வாங்கும் இடத்துக்குப் போய்வரப் பெட்ரோல் இல்லை. வெள்ளவத்தையிலேயே ஒருவரிடம் உயிருள்ள வெள்ளை எலி ஒன்றை வாங்கி, பின்னேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டேன். பசித்தால் பிடிக்கும்தானே என்று நினைத்துப் போய்ப் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் எலி நன்றாக இருந்தது. பாம்பு பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு கிடந்தது. முதுகில் தோல் போய் இறைச்சி தெரிந்தது.

ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை: உறைந்த எலிதான். ஆனாலும் உயிர் எலி கொடுப்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒதுக்கித் தள்ள முடியாது. அவற்றில் உண்மையும் இருக்கிறது.

முதலாவது, வசதி. தேவையான அன்றைக்கு ஒன்றை வாங்கினால் போதும். ஃப்ரீஸரும் வேண்டாம், கரண்ட் போகுமே என்ற கவலையும் வேண்டாம். இரண்டாவது, அசையும் இரையைப் பெரும்பாலான பாம்புகள் உடனே பிடித்துவிடும். புதிதாக வீட்டுக்கு வந்து சாப்பிட மறுக்கும் பாம்பை வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு இது பெரிய ஆறுதல். மூன்றாவது, சரியாகப் பிடித்துச் சுற்றிவிட்டால் எலி நீண்ட நேரம் துடிப்பதில்லை. சுற்றி இறுக்கும் பாம்பு மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். போவா பாம்புகளை வைத்துச் செய்த, 2015 இல் வெளியான ஆய்வு, இறுக்கத்தில் எலியின் இரத்த ஓட்டமே சில விநாடிகளில் தடைப்படுகிறது என்று காட்டியது.

சரியாகப் பிடித்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காட்டில் பாம்புக்குப் பசி இல்லாவிட்டால் அது தன் வழியில் போகும், எலியும் ஓடித் தப்பும். மூன்றடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் போக இடமில்லை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, அது எதையாவது கொறித்தே ஆக வேண்டும். தீனியும் தண்ணீரும் இல்லாமல் இரவு முழுக்க அடைபட்டுக் கிடந்தால் பக்கத்தில் கிடக்கும் பாம்பைத்தான் கடிக்கும். தோல் கழற்றப் போகும் நேரத்தில் பாம்பின் கண் மங்கிவிடும், அப்போது எலி வருவதே அதற்குச் சரியாகத் தெரியாது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது ஒரு மெல்லிய செதில் மட்டுமே. அந்த இடத்தில் கடி விழுந்தால் பார்வையே போகலாம். எலியின் பக்கத்தையும் நினைக்க வேண்டும். தன்னைத் தின்னும் மிருகத்தோடு ஒரு பெட்டிக்குள் ஓர் இரவு முழுக்க அடைபட்டுக் கிடப்பதைவிடக் கொடிய நிலை வேறென்ன? இந்த நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமா இது?

எங்கள் பைத்தனைக் காட்ட, பாம்பு பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டது. காயம் ஆற இரண்டு முறை தோல் கழற்ற வேண்டியிருந்தது.

நோய் விஷயத்துக்கு வருவோம். வீட்டுக் கூரையிலோ கானிலோ பிடித்த எலியை, உயிரோடானாலும் செத்ததானாலும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். எலிப் பாஷாணம் தின்ற எலி சில நாட்கள் உயிரோடு நடமாடும். அதைத் தின்னும் பாம்புக்கும் நஞ்சு போய்ச் சேரும். எலிக்காய்ச்சலைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2008 இல் மட்டும் 7,000 பேருக்கு மேல் அதற்கு ஆளானதாகப் பதிவாகியது. வளர்ப்பு எலிதான் பாதுகாப்பு. உறைய வைப்பதால் உண்ணிகளும் பல ஒட்டுண்ணிகளும் செத்துவிடுகின்றன.

அதற்காக உறைந்த எலி சுத்தமானது என்று நம்பிவிடக் கூடாது. சல்மொனெல்லா கிருமி குளிரில் சாவதில்லை, தூங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். பிரிட்டனில் 2015 இலிருந்து சில ஆண்டுகளில் 800 பேருக்கு மேல் சல்மொனெல்லா தொற்றியதற்குப் பாம்புகளுக்கென்று விற்ற உறைந்த சுண்டெலிகளே காரணம் என்று கண்டறிந்தார்கள். எனவே எலிக்கென்று தனிப் பாத்திரம், தனி இடுக்கி, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுதல். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் கொஞ்சமும் தளரக் கூடாது.

கொழும்பு வீட்டில் உண்மையான சிக்கல் ஃப்ரீஸர்தான். அம்மா வெள்ளி, செவ்வாய் மரக்கறி. "உந்தக் கண்றாவி எல்லாம் என்ர குசினிக்குள்ள வரக்கூடாது தம்பி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சுகாதாரப்படியும் சரி. சாப்பாட்டோடு எலி இருக்கக் கூடாது. அறையில் ஒரு சின்ன ஃப்ரீஸர் வாங்கி வைத்தேன். 2022 இல் நான் விட்ட பிழை, அதைப் பாதி காலியாக வைத்திருந்ததும் கரண்ட் போனதும் அடிக்கடி திறந்து பார்த்ததும். நிரம்பிய ஃப்ரீஸரைத் திறக்காமல் விட்டால் ஏறக்குறைய 48 மணித்தியாலம் குளிர் நிற்கும். பாதி நிரம்பியதென்றால் அதில் பாதி நேரம்தான். இப்போது காலி இடமெல்லாம் தண்ணீர் போத்தல்களை உறைய வைத்து அடைத்திருக்கிறேன். மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றும் கைவசம் இருக்கிறது. எலிகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி, திகதி எழுதி, ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவேன். அதிகம் கிடந்தால் வற்றிப்போகும், சில விற்றமின்களும் குறையும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். எலியின் குடல் உள்ளேயே இருப்பதால் அது உள்ளிருந்து கெட்டுவிடும்.

இளக்குவதும் இங்கே கவனமாகச் செய்ய வேண்டியது. நம் ஊர்ச் சூட்டில் மேசையில் வைத்தால் வெளிப்புறம் அழுகத் தொடங்கும்போது வயிறு இன்னும் கட்டியாகவே இருக்கும். முதல் நாள் இரவே, மூடி போட்ட தனி டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கொடுப்பதற்கு முன் பையோடு சுடுதண்ணீரில் கால் மணித்தியாலம் வைக்கலாம். கை தாங்கும் சூடு போதும். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து வயிறு வெடிக்கும். பால் பைத்தனின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலி கிட்டத்தட்ட 38 பாகை சூட்டில், அதுவும் தலைப்பக்கம் சூடாக இருந்தால், அதற்கு உயிருள்ள இரை போலவே தெரியும். வீட்டில் வளர்க்கும் இன்னொரு வகையான கோர்ன் ஸ்னேக்குக்கு (corn snake) அந்தக் குழிகள் இல்லை, மணமும் அசைவும்தான் அதற்கு வழி. நீள இடுக்கியால் வாலைப் பிடித்து மெல்ல அசைத்தால் போதும். அளவு, பாம்பின் உடம்பு மிகத் தடித்திருக்கும் இடத்தின் பருமனுக்கு மேல் போகக் கூடாது.

உயிர் எலிக்கே பழகிய பாம்பை மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் முடியும். பொறுமைதான் வேண்டும். நடுவில் ஒரு படி இருக்கிறது: அப்போதுதான் கொன்ற, சூடு ஆறாத எலி. அதை ஏற்கத் தொடங்கினால் அடுத்தது இளக்கிச் சூடாக்கியது. எலிக்கூட்டில் கிடந்த மரத்தூளில் புரட்டி எடுத்தால் மணம் ஏறும். இருட்டிய பிறகு கொடுங்கள். மறுத்தால் ஒரு வாரம் விட்டுவிட்டுப் பாருங்கள். வளர்ந்த பால் பைத்தன் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தும் நலமாக இருக்கும். தராசில் நிறை குறைகிறதா என்பதைப் பார்த்தால் போதும், பத்திலொரு பங்கு குறைந்தால்தான் வைத்தியரிடம் போக வேண்டும். எலியைக் கொல்வதில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உயிரோடு ஃப்ரீஸருக்குள் போட்டுவிடாதீர்கள். அது மெதுவான, வேதனையான சாவு. கரியமில வாயுவால் முறையாகக் கொன்று விற்பவரிடம் வாங்குங்கள். அவரிடம் எப்படிக் கொல்கிறீர்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் சொல்வதெல்லாம் அனுமதியோடு வந்த வெளிநாட்டுப் பாம்புகளுக்குத்தான். நம் நாட்டு மலைப்பாம்பான வெங்கிணாந்தி சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அதைப் பிடித்து வீட்டில் வைக்கக் கூடாது.

எல்லாம் செய்தும் ஒன்றும் சாப்பிடாமல் மெலியும் குட்டி ஒன்று உங்களிடம் இருந்தால், கண் திறக்காத, பல் முளைக்காத சுண்டெலிக் குஞ்சை உயிரோடு கொடுப்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். அதனால் பாம்பைக் காயப்படுத்த முடியாது. வளர்ந்த எலியை உயிரோடு விடத்தான் வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே இருங்கள். இடுக்கி கையில் இருக்கட்டும். 15 நிமிடத்தில் பாம்பு பிடிக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துத் தீனியும் தண்ணீரும் வையுங்கள்.