‘ரீடிப்ளாய்மென்ட்’: மறுவரிசைப்படுத்தலா, பணி நிரவலா?

ஓரிடத்தில் இருக்கும் ஆளையோ படையையோ வேறிடத்துக்கு மாற்றிப் பயன்படுத்துவதை ஆங்கிலத்தில் ‘ரீடிப்ளாய்மென்ட்’ (redeployment) என்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லுக்கு அடிக்கடி வந்து விழுவது ‘மறுவரிசைப்படுத்தல்’. படிப்பவருக்கு ஏதோ பட்டியலை அகரவரிசையில் மாற்றி அடுக்கச் சொல்வது போலத்தான் தோன்றும். அதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

அடுத்த போட்டியாளர் ‘மறுபணியமர்த்தல்’. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மறு’ வந்ததுமே, வேலையை விட்டுப் போனவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை ஆண்டு முடியும்வரை வைத்துக்கொள்வதற்குத் தமிழ்நாட்டில் ‘மறுநியமனம்’ என்று தனிச்சொல்லே உண்டு. இரண்டும் குழம்பும்.

பள்ளிக்கல்வித் துறையில் புழங்கும் ‘பணி நிரவல்’தான் எனக்கு மிகவும் பிடித்தது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் குறைந்து ஆசிரியர் உபரியானால், பற்றாக்குறையுள்ள பள்ளிக்கு அவரை அனுப்புவார்கள். மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போடுவதை நிரவுவது என்கிறோமே, அதேதான். உபரி, பற்றாக்குறை இரண்டையும் ஒரே சொல் காட்டிவிடுகிறது; வெறும் ‘இடமாறுதல்’ அதைக் காட்டாது.

ஆனால் இதை எங்கும் கொண்டுபோக முடியாது. பிரிட்டனில் ஒருவருடைய பணியிடமே ஒழிக்கப்படும்போது, நிறுவனம் அவருக்கு வேறு வேலை கொடுத்துப் பார்க்கும். அதற்கு 4 வார வெள்ளோட்டக் காலமும் சட்டத்தில் உண்டு. அங்கே நிரப்ப ஒரு பள்ளம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ‘வேறு பணியில் அமர்த்தல்’ போதும். ‘மாற்றுப்பணி’ என்றால் நம் அரசு ஊழியர்கள் தற்காலிகமாக வேறிடத்தில் வேலை பார்ப்பது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ராணுவத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததும், ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைகளைப் பசிபிக் போர்முனைக்குத் திருப்ப ஏற்பாடு நடந்தது. அது ரீடிப்ளாய்மென்ட், ‘வேறு போர்முனைக்கு மாற்றுதல்’ என்று எழுதலாம். ஆனால் பணி முடிந்த படை ஊர் திரும்புவதையும் இன்றைய அமெரிக்க ராணுவம் இதே சொல்லால் குறிக்கிறது. அங்கே ‘மீண்டும் களமிறக்கம்’ என்று எழுதினால், வீட்டுக்கு வருகிற சிப்பாயை நாமே திரும்பப் போருக்கு அனுப்பிவிடுவோம். அது ‘தளம் திரும்புதல்’தான்.

மென்பொருளில் ‘மறுநிறுவல்’ என்பதை ஏற்கெனவே ரீஇன்ஸ்டால் பிடித்துக்கொண்டது. திருத்திய நிரலைச் சர்வரில் ‘மீண்டும் ஏற்றுதல்’ என்றால் யாருக்கும் புரியும்.