எந்த உருவத்தின் மேல் வரைவது? ஆடை வடிவமைப்பில் நான்கு வழிகள்

ஆடை வரையப் பழகுகிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் 9 தலை உயர உருவம்தான். தலையின் நீளத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், வளர்ந்த மனிதர் 7 அல்லது 7.5 தலை உயரம்தான் இருப்பார். கூடுதல் உயரம் பெரும்பாலும் காலுக்கே போகிறது. துணி எப்படி விழும், ஆடையின் மொத்தத் தோரணை என்ன என்பதைச் சட்டென்று காட்ட இந்த உருவம் நன்றாக உதவும். ஆனால் பல வகை உடல்களுக்கும் ஆடை செய்ய நினைப்பவர் இதிலேயே தொடங்கினால் சிக்கல் பேப்பரிலேயே வந்துவிடுகிறது. இந்த உருவத்துக்கு வயிறு கிடையாது, தொடைகள் உரசாது, உட்காரவும் தெரியாது. அதனால் வரைகிறவருக்கு அதைப் பற்றிய கேள்விகளே எழுவதில்லை.

இரண்டாவது வழி, அதே உருவத்தைக் கணினியில் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்குவது. நான்கில் இதைத்தான் நான் அடியோடு வேண்டாம் என்பேன். உடம்பு பெருக்கும்போது எல்லா இடமும் ஒரே விகிதத்தில் பெருப்பதில்லை. மார்பும் வயிறும் கூடும் அளவுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. சின்ன சைஸ் பேட்டர்னோடு (துணியை வெட்ட வைக்கும் மாதிரி வடிவம்) ஒவ்வொரு சைஸுக்கும் சீராகக் கூட்டிக்கொண்டே போகும் கிரேடிங்கிலும் இதே கோளாறுதான்: பெரிய சைஸ் வரும்போது தோள் தையல் கைமேல் சரிகிறது, கழுத்து அகன்று நிற்கிறது. குள்ளமானவர்களுக்காக உருவத்தை அப்படியே சுருக்குவதும் உதவாது. பலருக்கு உடற்பகுதி வழக்கமான நீளத்தில் இருக்கும், கை கால்தான் குட்டையாக இருக்கும்.

மார்புச் சுற்று 110 செ.மீ. உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், இன்னொருவருக்கு மார்பு பெரியது. டேப் சொல்லும் எண் ஒன்றுதான், தேவைப்படும் டார்ட் (துணியை உடல் வளைவுக்குப் பொருத்தத் தைக்கும் மடிப்பு) வேறு வேறு. 1939-40ல் அமெரிக்க வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தபோது, எடையையும் சேர்த்து ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தது. ஓர் உடலை விவரிக்க அத்தனை எண்கள் எடுத்தார்கள். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டினால் எப்படிப் பொருந்தும்?

மூன்றாவது, நிஜ மனிதர்களை அவர்கள் சம்மதத்தோடு படம் பிடித்து, அதன் மேல் ட்ரேஸ் செய்து நாமே உருவங்கள் தயாரிப்பது. நேரம் எடுக்கும், முதலில் கோடுகள் அழகாகவும் வராது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், முக்கியமாகப் பக்கவாட்டுத் தோற்றத்துக்காக. முன்பக்கத்தை மட்டும் வரைந்தால் வயிறு எவ்வளவு முன்னால் வருகிறது, முதுகு எங்கே வளைகிறது என்பதெல்லாம் மறைந்துபோகும். பக்கவாட்டில் வரையும்போது, நேர்க்கோடாகப் போட்ட குர்தாவின் கீழ் ஓரம் வயிற்றின் மேல் ஏறி முன்பக்கம் தூக்கி நிற்கப்போவது அப்போதே தெரிந்துவிடும். முன்பக்க நீளத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்ற யோசனையும் அங்கேயே வரும்.

சக்கர நாற்காலியில் இருப்பவரை உட்கார்ந்த நிலையிலேயே ட்ரேஸ் செய்ய வேண்டும். நின்ற உருவத்துக்கு வரைந்த பேன்ட் அவருக்கு முன்னால் மடிந்து வயிற்றில் குத்தும், பின்னால் இடுப்புக்குக் கீழே இறங்கும், கால் ஓரம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அவருக்கு முன்பக்க உயரம் குறைய வேண்டும், பின்பக்கம் கூட வேண்டும், கால் நீளமாக வேண்டும். பின்பாக்கெட்டும் தடித்த தையலும் தோலை அழுத்திப் புண்ணாக்கலாம் என்பதால் அவற்றை எடுத்துவிடுவது நல்லது. சக்கரத்தைத் தானே தள்ளுபவர் என்றால் தொளதொள கை வேண்டாம், சக்கரத்தில் உரசும்.

நான்காவது, க்ளோ போன்ற முப்பரிமாண மென்பொருள். உருவத்தின் அளவுகளை மாற்றி, பேட்டர்னைத் திரையிலேயே தைத்து, துணி எங்கே இறுக்குகிறது என்பதை நிறவேறுபாட்டில் பார்க்கலாம். துணி வீணாகாது. ஆனால் அந்த உருவத்தின் சதை பெரும்பாலும் கெட்டியானது. இடுப்புப் பட்டி அழுத்தும்போதும், உட்காரும்போதும் நிஜ உடம்பு பிதுங்குவதைப் போல அது பிதுங்காது. ஒல்லியான உருவத்தை எடுத்து அளவுகளை மட்டும் ஏற்றினால், மறுபடியும் இரண்டாவது வழிக்கே போய்விடுகிறோம்.

ஆகவே யோசிக்க மூன்றாவது, சரிபார்க்க நான்காவது, தோரணை காட்ட மட்டும் முதலாவது. மென்பொருள் இல்லையென்றால், மேனிக்வினில் (ஆடை மாட்டிப் பார்க்கும் பொம்மை) பஞ்சு வைத்துக் கட்டி, ஒருவரின் வயிறும் இடுப்பும் உள்ளபடியே உருவாக்கி, அதன் மேல் மலிவான துணியைப் போட்டுப் பார்க்கலாம். தொடங்குபவர் பெரிய தொகுப்பு எதுவும் செய்ய வேண்டாம். வயிறு முன்வந்த ஒருவர், மார்பு பெரிய ஒருவர், உட்கார்ந்த ஒருவர் என்று மூன்று உருவங்களை முன், பின், பக்கம் என வரைந்து வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்கெச்சை மூன்றின் மேலும் போட்டுப் பாருங்கள். அப்புறம் மூவருக்கும் ஆடையை மாட்டிவிட்டு, கையைத் தூக்கவும் குனியவும் சொல்லுங்கள்.