ஆக்டிவ் டைரக்டரி, ஐபி மேலாண்மை எல்லாம் சேர்த்து நாலரை லட்சம்: ஏமாறாதீங்க

கோபம் இன்னும் அடங்கல, வரிசை முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸ் பயனர் கணக்குகளை ஒரே இடத்துல வெச்சுக்கிறது), டிஎன்எஸ் (பேரை ஐபி முகவரியா மாத்துறது), டிஹெச்சிபி (கம்ப்யூட்டருக்குத் தானா ஐபி கொடுக்கிறது), ஐபி முகவரி மேலாண்மை, எல்லாத்தையும் புதுசா வடிவமைச்சு நிறுவித் தர்றோம்னு வந்த ஒரு சிஸ்டம் இன்டகிரேட்டர் நிறுவனம். பேர் போடல. வாங்கினது நாலரை லட்சம். முந்தாநாள் முதல் டொமைன் கன்ட்ரோலரோட (டிசி, லாகினைச் சரிபார்க்கிற சர்வர்) டிஸ்க் போச்சு. ரெண்டாவது டிசி ஜம்முனு ஓடிட்டுதான் இருந்துச்சு. ஆனா கம்ப்யூட்டர்லயே சேமிச்சிருந்த (கேஷ்) பாஸ்வேர்டை வெச்சு கம்ப்யூட்டரைத் திறந்ததோட சரி. ஃபைல் ஷேர், பிரின்டர், கணக்கு மென்பொருள் எதுவும் யாரையும் உள்ள விடல. ரெண்டு டிசி வைக்கிறதே இதுக்குத்தானே?

நம்ப வெச்சது முதல் மீட்டிங். அவங்க 'ஆர்க்கிடெக்ட்' கேட்ட கேள்வியெல்லாம் அச்சு அசல் சரியான கேள்வி. எத்தனை கிளை, ஒவ்வொண்ணுக்கும் லிங்க் வேகம் என்ன, வீட்டிலிருந்து விபிஎன்ல வர்றவங்க எத்தனை பேர், உங்க பேர்ல பதிவான டொமைன் எதுன்னு கேட்டார். டாட் லோக்கல்னு பேர் வைக்காதீங்க, அது எம்டிஎன்எஸ்ஸோட (சர்வர் இல்லாம பக்கத்து சாதனங்களைப் பேர் சொல்லித் தேடுற முறை) மோதும், சொந்த டொமைனுக்குக் கீழ ஒரு துணை டொமைன் எடுங்கன்னார். தலைமை அலுவலகத்துக்கு 10.20.0.0/16, கிளைகளுக்கு 10.21, 10.22, மூணாவது எண்ணே விலான் (ஸ்விட்ச்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்) எண்ணா இருக்கட்டும், சர்வர் 10, பயனர் 20, ஃபோன் 30ன்னு போர்டுலயே வரைஞ்சு காட்டினார். இதுக்கு மேல என்ன கேட்கணும்? முன்பணமா 70 சதவீதம் போச்சு. அதுக்கப்புறம் அந்த மனுஷனை யாரும் பார்க்கல.

வேலைக்கு வந்தது வேற ஆள். வரைஞ்சது ஒண்ணு, நிறுவினது இன்னொண்ணு. தலைமை அலுவலகத்துக்கு 192.168.1.0/24, ரெண்டு கிளைக்கும் ஒரே 192.168.0.0/24. பாதி வீட்டு ரவுட்டர்கள் இதே எண்ணோடதான் பெட்டியிலிருந்து வெளிய வருது. அதனால வீட்டிலிருந்து விபிஎன் போட்டவங்க சர்வரைக் கூப்பிட்டா, பாக்கெட் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே நின்னுடும். ரெண்டு கிளையும் ஒரே ரேஞ்சுங்கிறதால அலுவலகங்களை இணைக்கிற டனல்ல நேட் (முகவரியை வேற முகவரியா மாத்தி அனுப்பறது) போட்டு ஒப்பேத்திட்டாங்க. கிளையன்ட் (பயனர் கம்ப்யூட்டர்) எந்த சைட்னு, அதாவது எந்த இடத்துல இருக்குன்னு, டிசி முடிவு பண்றதே வர்ற ஐபியைப் பார்த்துத்தான். நேட்டுக்குப் பின்னால கிளை முழுக்க ஒரே முகவரியாத் தெரியும், ஆடிட் லாக்லயும் அப்படியே. போதாததுக்கு டைரக்டரியோட 'சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்'ல சைட் உருவாக்கிட்டு சப்நெட்டை (அந்த இடத்தோட ஐபி ரேஞ்சை) இணைக்கவே இல்ல. டிசியோட நெட்லாகன் லாக் பூரா 'நோ கிளையன்ட் சைட்' வரிகள்.

சரி, ரெண்டாவது டிசி ஏன் கைவிட்டுச்சு? ஒப்படைக்கும்போது அவங்க காட்டின ஸ்க்ரீன்ஷாட் ரெப்அட்மின் ரெப்ல்சம்மரி (டிசிகளுக்குள்ள ரெப்ளிகேஷன், அதாவது நகல் போறதைச் சோதிக்கிற கட்டளை), பிழை பூஜ்யம். அது பொய் இல்ல. ஆனா அது டைரக்டரி தரவுத்தளத்தோட ரெப்ளிகேஷனை மட்டும்தான் சொல்லும். சிஸ்வால் ஃபோல்டர் (குரூப் பாலிசி, லாகின் ஸ்கிரிப்ட் இருக்கற இடம்) தனியா டிஎஃப்எஸ்ஆர்ங்கிற ஃபைல் நகலெடுக்கற சேவை வழியா போகுது, அதைப் பத்தி அது வாயே திறக்காது. ரெண்டாவது டிசியில 'நெட் ஷேர்'னு அடிச்சா சிஸ்வால், நெட்லாகன் ரெண்டு பேரும் பட்டியல்ல இருக்கணும். இல்ல. சி டாலர், அட்மின் டாலர், ஐபிசி டாலர், அவ்வளவுதான். முதல் சிங்க் முடியாம சிஸ்வால் ஷேர் ஆகாது. அது ஷேர் ஆகாத வரை அந்த மெஷின் தன்னை டிசின்னு அறிவிச்சுக்காது. டிசியைச் சோதிக்கிற டிசிடயாக் கட்டளையில அட்வர்டைசிங் டெஸ்ட் ஃபெயில்னு முதல் வரிகள்லயே வரும். நிறுவின நாள்லேருந்து இதே நிலைமை. ஆக நாலரை லட்சத்துல பாதி வெறும் மின்சாரம் சாப்பிட்டுட்டு இருந்துச்சு.

காரணம் முதல் டிசியோட டிஎஃப்எஸ்ஆர் ஈவென்ட் லாக்ல 4012ன்னு உட்கார்ந்திருக்கு. முன்ன இருந்த பழைய டிசியை டிமோட் பண்ணாம (டிசி பொறுப்பிலிருந்து முறையா நீக்காம) பவரை மட்டும் பிடுங்கிட்டாங்க. நகல் பகிர்ந்துக்கற கூட்டாளி டிசி இல்லாம 60 நாள் தாண்டினதும் டிஎஃப்எஸ்ஆர் தானாவே சிஸ்வால் ரெப்ளிகேஷனை நிறுத்திடும். அதுக்கப்புறம்தான் இந்த ரெண்டாவது டிசியைச் சேர்த்திருக்காங்க. அது யார்கிட்டேருந்து வாங்கும்? சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் இருந்ததால முதல் டிசியை மீட்க முடிஞ்சுது. பவர் பிடுங்கின அந்தப் பழைய டிசியோட மெட்டாடேட்டாவை (டைரக்டரியில மிச்சமிருந்த பதிவுகளை) துடைச்சு, முதல் டிசியோட சிஸ்வாலை அதாரிட்டேட்டிவா (இதுதான் மூலப் பிரதின்னு) அறிவிச்சு (எம்எஸ்-டிஎஃப்எஸ்ஆர்-ஆப்ஷன்ஸ் மதிப்பு 1), 4602 ஈவென்ட் வந்த பிறகுதான் ரெண்டாவதுல ஷேர் எழுந்துச்சு. தெரிஞ்சவங்களுக்கு இது சின்ன வேலை.

டிஹெச்சிபிக்கு வருவோம். 'ஃபெயிலோவர் போட்டாச்சு'ன்னாங்க. ஃபெயிலோவர்னா ரெண்டு சர்வரும் டிசிபி 647ல பேசி லீஸ் பட்டியலை (யாருக்கு எந்த ஐபி கொடுத்தோம்ங்கிறதை) பகிர்ந்துக்கணும். இவங்க செஞ்சது ரெண்டு சர்வர்லயும் ஒரே ஸ்கோப், ஒரே ரேஞ்ச், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. பிரின்டர்களுக்குக் கையால போட்ட ஐபியும் அதே ரேஞ்சுக்குள்ள, அதை ஒதுக்கி வைக்கிற எக்ஸ்க்ளூஷன் கிடையாது. விண்டோஸ் டிஹெச்சிபியில கான்ஃப்ளிக்ட் டிடெக்‌ஷன் இயல்பா 0, அதாவது கொடுக்கறதுக்கு முன்னால பிங் பண்ணிப் பார்க்காது. லீஸ் பட்டியல்ல வரிசையா 'பேட் அட்ரஸ்' (மோதின முகவரி). இதுல ரெண்டாவது டிஎன்எஸ்ஸா கூகுளோட 8.8.8.8 வேற. முதல் டிஎன்எஸ் ஒரு நொடி தாமதிச்சா கிளையன்ட் வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும், அது 'அப்படி ஒரு பேரே இல்ல'ன்னு சொல்லும், கிளையன்ட் அதை நம்பிடும். உள் நெட்வொர்க்ல டிசிகளோட டிஎன்எஸ் தவிர வேற எதுவும் கிளையன்ட்டுக்குப் போகக் கூடாது. வெளி டிஎன்எஸ்ஸுக்கு இடம் டிசியோட ஃபார்வர்டர்ல (தனக்குத் தெரியாத பேரை டிசி வெளிய கேட்கற அமைப்பு).

ஐபி மேலாண்மை? விண்டோஸ் ஐபாம் சர்வர்னு கொட்டேஷன்ல தனி வரியே இருக்கு. அதை டிசி மேல நிறுவ முடியாது, தனி மெஷின் வேணும். கொட்டேஷன்ல தனி மெஷினே இல்ல, அப்பவே அதை நிறுவற எண்ணம் அவங்களுக்கு இல்லைன்னு அர்த்தம். கொடுத்தது ஒரு எக்செல் ஷீட். அதுலயும் அந்த போர்டுல வரைஞ்ச 10.20 கணக்கு! நெட்வொர்க்ல இல்லாத முகவரிகளுக்கு அழகா கலர் அடிச்ச ஷீட். நெட்பாக்ஸோ பிஹெச்பி-ஐபாமோ காசில்லாமலே போட்டுத் தந்திருக்கலாம்.

கூப்பிட்டா வந்த பதில்கள்: 'உங்க ஸ்விட்ச் கோளாறு சார்.' 'இன்டர்நெட்காரங்களைக் கேளுங்க.' 'ரெண்டு சர்வரையும் ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்.' முதல் டிசி படுத்துக் கிடக்கும்போது இந்த அறிவுரை! 4012 ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். 'ஹேண்டோவர் சைன்ஆஃப் ஆயிடுச்சு, இனி பராமரிப்பு ஒப்பந்தம் போட்டாத்தான் ஆள் அனுப்ப முடியும்'னு பதில். நாலரை லட்சம் வாங்கிட்டு, அவங்க விட்டுட்டுப் போன ஓட்டையை அடைக்க இன்னொரு பில். மேனேஜர் எப்பவும் 'மீட்டிங்ல'. ஆர்க்கிடெக்ட் 'வேற புராஜெக்ட்ல'. நேத்து மதியத்திலிருந்து ஃபோனே எடுக்கறதில்ல.

விரிவா ஒரு செக்லிஸ்ட் போடணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. இதை மட்டும் பண்ணுங்க. கடைசிப் பணம் கொடுக்கறதுக்கு முன்னால முதல் டிசியை அவங்க கண்ணு முன்னாலயே அணைச்சு, இதுவரை அந்த கம்ப்யூட்டர்ல லாகின் ஆகாத ஒரு பயனரை வெச்சு லாகின் பண்ணிப் பாருங்க. ரெண்டு டிசியிலயும் நெட் ஷேர், டிசிடயாக். 'netdom query fsmo' அடிச்சா வர்ற அஞ்சு ரோலும் (ஒரு நேரத்துல ஒரு டிசி மட்டுமே வெச்சிருக்கற பொறுப்புகள்) உயிரோட இருக்கற மெஷின் பேர்ல இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு டிசிக்கும் டிஎஸ்ஆர்எம் (டைரக்டரியை மீட்கற மோட்) பாஸ்வேர்டு தனித்தனி, எழுத்துல வாங்குங்க. வரைபடத்துல இருக்கற சப்நெட்டும் ஸ்விட்ச்சுல இருக்கறதும் ஒண்ணான்னு ஒப்பிடுங்க.

அப்புறம் டொமைன் அட்மின்ஸ் குழு (முழு அதிகாரம் உள்ள கணக்குகள்). அவங்க இன்ஜினியர் பேர்ல ஒரு அக்கவுன்ட், பாஸ்வேர்டு காலாவதியே ஆகாத மாதிரி டிக் போட்டு, இன்னமும் உள்ள இருக்கு. பார்த்த வேகத்துல டிசேபிள் பண்ணிடாதீங்க. பேக்கப் வேலையும், டிஎன்எஸ்ஸுல பேர் பதியறதுக்காக டிஹெச்சிபிக்குக் கொடுத்த கணக்கும் அதே அக்கவுன்ட்லதான் ஓடுது. முதல்ல அதுக்கெல்லாம் தனி சர்வீஸ் அக்கவுன்ட் போட்டு மாத்துங்க, அப்புறம் டிசேபிள் பண்ணுங்க.