வறண்ட சருமத்துக்கு வீட்டிலேயே செய்த வீகன் சோப்பு: இரண்டு பனிக்காலம் பயன்படுத்திய பிறகு

வறண்ட சருமத்துக்கான சோப்பை முதல் மாதத்திலேயே மதிப்பிட முடியாது. பனி, வெயில், ஆடிக்காற்று எல்லாவற்றிலும் அதைத் தேய்த்துக் குளித்துப் பார்த்தால்தான் நிறைகுறை தெரியும். எங்கள் வீட்டில் இது இரண்டு மார்கழியைத் தாண்டிவிட்டது. இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் அளவை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது கோவையில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே தோலை நன்றாகவே உலர்த்திவிடும். அத்தைக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து வெள்ளை பூத்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார். எனக்கு முழங்கையும் புறங்கையும் அப்படித்தான். விலங்குப் பொருள் எதையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. வறண்ட சருமத்துக்கு என்று விற்கும் கைவினைச் சோப்புகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஆட்டுப்பால், தேன், தேன்மெழுகு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். தொழிற்சாலைச் சோப்பின் உறையில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தது. தாவர எண்ணெயில் செய்தவை பெரும்பாலும் பாமாயிலை நம்பியவை. அதில் விலங்குப் பொருள் இல்லைதான், ஆனால் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்ட காடுகளை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை.

உறையில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவைப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் அது சொல்வது கொழுப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே, எந்த எண்ணெயின் கொழுப்பு என்பதை அல்ல. வறண்ட சருமத்துக்கு முக்கியமானது அந்த இரண்டாவது விஷயம்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். சோப்பாக மாறும்போது பொங்கி நுரைப்பதும் அழுக்கைப் பிடுங்குவதும் அதுதான். அந்த வேகத்தில் தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். தலைக்கும் உடம்புக்கும் தேய்த்தால் இதமாக இருக்கும் எண்ணெய், சோப்பாக மாறினால் தோலை உலர்த்துகிறது. முதலில் 30 சதவீதத்தில் தொடங்கி, 25, 18 என்று குறைத்துக்கொண்டே வந்தேன். மற்ற எந்த மாற்றத்தைவிடவும் இந்தக் குறைப்பைத்தான் அத்தையின் கால் முதலில் உணர்ந்தது. முழுக்க எடுத்துவிட்டாலும் சரிவராது. ஆலிவ் எண்ணெயில் மட்டும் செய்த சோப்பு மிக மென்மையானது என்றாலும் நுரை வழவழவென்று நூலாக இழுக்கும், நன்றாக முற்ற ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இப்போது நிலைத்திருக்கும் கலவை இது. மொத்த எண்ணெய் 500 கிராம். அதில் ஆலிவ் எண்ணெய் 250 (பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும், விலை குறைவான போமஸ் வகையே போதும்), செக்குத் தேங்காய் எண்ணெய் 90, தவிட்டெண்ணெய் 75, ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) 60, விளக்கெண்ணெய் 25 கிராம். வடிகட்டிய சுத்த நீர் 140 கிராம். அதில் முதலில் 5 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, பிறகு 69 கிராம் காஸ்டிக் சோடா, எண்ணெயைச் சோப்பாக மாற்றுவது இதுதான். இதில் 3 கிராம் சிட்ரிக் ஆசிட்டோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். மீதி 66 கிராம்தான் எண்ணெய்க்கு. எல்லா எண்ணெயையும் முழுதாகச் சோப்பாக்க 71 கிராம் வேண்டும், அதனால் சுமார் 7 சதவீத எண்ணெய் மாறாமல் அப்படியே தங்கும். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். எண்ணெயில் ஒன்றை மாற்றினாலும் சோடாவின் அளவு மாறும், இணையத்தில் இருக்கும் சோப்பு கால்குலேட்டரில் மறுபடி போட்டுப் பார்க்காமல் செய்யவே கூடாது. கிண்ணக் கணக்கு, கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. டிஜிட்டல் தராசு கட்டாயம்.

ஷியா பட்டரைக் கடைசியில் சேர்த்தால் அது மட்டும் சோப்பாகாமல் தோலுக்குக் கிடைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். கலவையைச் சூடாக்காமல் செய்யும் இந்த முறையில் அது நடக்காது. கலவை கெட்டிப்படும் கட்டத்தில் சோடாவின் பெரும்பகுதி இன்னும் வேலையைத் தொடங்கியே இருக்காது, கிடைத்த எண்ணெயை எல்லாம் அது எடுத்துக்கொள்ளும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகவே உருக்கிவிடுகிறேன். ஷியாவின் வேலை கட்டியைக் கெட்டியாக்குவதும், சோப்பாக மாறாத அதன் கொழுப்புச் சத்துகளைத் தருவதும். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்க வைக்கிறது. 25 கிராமுக்கு மேல் போனால் கட்டி பிசுபிசுக்கும்.

காஸ்டிக் சோடா விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். சோடா அதை அரித்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல், குழந்தைகள் அந்தப் பக்கமே வராத நேரம், எல்லாம் வேண்டும். கையில் பட்டால் வினிகரைத் தேடாமல் குழாய் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். சாக்கடை அடைப்புக்கு விற்கும் தூளில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம், ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டு வாங்குவதே சரி.

மற்றபடி செய்முறை எளிது. சோடா நீரும் எண்ணெயும் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் பக்குவத்துக்கு, அதாவது 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் சேர்த்து (பாத்திரத்தின் வெளிப்புறத்தைத்தான் தொட வேண்டும்), ஹேண்ட் பிளெண்டரை விட்டுவிட்டு ஓட்டினால் மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். அச்சில் ஊற்றலாம். ஆலிவ் அதிகம் என்பதால் மறுநாளே வெட்ட வராது, இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஆறு கட்டி கிடைக்கும்.

அப்புறம் காத்திருப்பு. நான்கு வாரத்தில் பயன்படுத்தலாம் என்பார்கள். அப்போது எடுத்த கட்டி சோப்புப் பெட்டியில் சீக்கிரம் கரைந்தது, தோலிலும் லேசாக இழுப்பு இருந்தது. அதே அச்சில் வார்த்த கட்டியை இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது வேறு சோப்பு என்றே தோன்றியது. நுரை கூடியிருந்தது, இழுப்பு இல்லை. எண்ணெயை எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் காலத்தைக் கொடுக்காவிட்டால் அதன் பலன் தோலுக்கு வந்து சேராது என்பது என் உறுதியான எண்ணம். மரத்தட்டில் இடைவெளி விட்டு, காற்றோட்டமான நிழலில் வைத்துவிடுங்கள்.

சிட்ரிக் ஆசிட் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் ஊரின் இரண்டு தண்ணீரையும் பார்த்திருக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் எந்தச் சோப்பும் நன்றாக நுரைக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரில் குளித்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகி பக்கெட்டிலும் தோலிலும் ஒட்டும். தோலில் ஒட்டியது உலர்ந்ததும் அரிப்பு. சிட்ரிக் ஆசிட் சோடாவோடு சேர்ந்து சிட்ரேட் ஆகிவிடும், அது அந்த உப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படிவம் முழுதாகப் போகவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது.

ஓட்ஸ், கற்றாழை, மஞ்சள், தேங்காய்ப்பால் என்று சேர்க்கும் பொருள்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மாவாக அரைத்துச் சலித்த ஓட்ஸ் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் நுரை மென்மையாக, பாலாடை மாதிரி படிகிறது, அதை வைத்திருக்கிறேன். ஆட்டுப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலை உறையவைத்துச் சேர்த்தும் பார்த்தேன். அதன் சர்க்கரையால் கலவை சூடாகி நிறம் கறுத்ததே தவிர, தோலில் வித்தியாசம் தெரியவில்லை. கற்றாழையும் அப்படியே. மஞ்சளின் நிறம் நாளடைவில் வெளுத்துவிடும். வாசனை எதுவும் சேர்ப்பதில்லை. வெட்டிவேர் எண்ணெயின் மணம் எனக்கு உயிர்தான், ஆனாலும் வெடித்த தோலில் எந்த வாசனை எண்ணெயும் எரிச்சலைத் தரலாம்.

குறைகளும் இருக்கின்றன. நுரை குறைவு, சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வரும் பையனுக்கு இது போதவில்லை, அவனுக்குத் தேங்காய் எண்ணெய் கூடுதலாகப் போட்டுத் தனியாகச் செய்கிறேன். ஐப்பசி மழையில் கட்டி வியர்க்கிறது. உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வரும் துளிகள் அவை. துடைத்தால் போதும், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்த சில கட்டிகளில் ஆரஞ்சுப் புள்ளியும் பழைய எண்ணெய் வாடையும் வந்தன. அதனால் தவிட்டெண்ணெயை 15 சதவீதத்தோடு நிறுத்தி, ஆறேழு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் செய்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு மென்மையானதானாலும் சோப்பு காரத்தன்மை உள்ளது. அதன் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 9, 10 அளவில் இருக்கும், தோலின் பி.எச். 5-ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாறு சேர்த்து அதை 5-க்குக் கொண்டுவர முடியாது, சோப்பே பிரிந்துவிடும். எக்ஸிமா போன்ற நோய் உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் சோப்பில்லாத குளியல் கட்டியைப் பயன்படுத்துவதே நல்லது. சோப்பு தோலுக்கு ஈரம் தராது, இருப்பதை அதிகம் பிடுங்காமல் விட்டால் அதுவே அதன் நல்ல குணம். அத்தை கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டு வெதுவெதுப்பான நீருக்கு மாறினார், துவட்டிய உடனே ஈரம் காயும் முன் நல்லெண்ணெய் தடவுகிறார். இந்த மூன்றும் சேர்ந்துதான் பலன் தந்திருக்கிறது. போன தை மாதம், "இப்பெல்லாம் காலு வெள்ளை பூக்கறதில்ல கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் எத்தனை அச்சு வேண்டுமானாலும் ஊற்றுவேன்.

எல்லோரும் வீட்டில் காஸ்டிக் சோடாவோடு வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கைவினைச் சோப்பு செய்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாங்கும்போது தேங்காய் எண்ணெய் எத்தனை சதவீதம், சூப்பர்ஃபேட் எவ்வளவு, எத்தனை வாரம் காயவைத்தது, பாலோ தேனோ மெழுகோ இருக்கிறதா என்று கேளுங்கள். நன்றாகச் செய்பவர் நான்குக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். தேங்காய் எண்ணெய் 20-க்குக் கீழே, காய்ந்தது எட்டு வாரம் என்றால் தைரியமாக ஒரு கட்டி வாங்கி, முதலில் முழங்கையில் மட்டும் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.