மேலிருந்தா, தட்டிலிருந்தா, திரியிலா? ஆப்பிரிக்கன் வயலெட்டுக்கு நீர் தரும் மூன்று வழிகள்

வீட்டுக்குள் வளர்க்கும் சிறு பூச்செடியான ஆப்பிரிக்கன் வயலெட் வாடியிருப்பதைப் பார்த்ததும் கை தானாகவே தண்ணீர்ச் செம்பைத் தேடும். அந்தக் கையால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் செடிக்குத் தாகம். தொட்டி கனமாகவும் மண் ஈரமாகவும் இருக்க, இலைகள் மட்டும் துவண்டு கிடந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். சுற்றிலும் நீர் இருந்தும் உறிஞ்ச வழியில்லாமல் செடி வாடுகிறது. வெளித்தோற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாம் வகைச் செடிக்கு நாம் அக்கறையோடு ஊற்றும் ஒரு செம்பு நீர் அதன் உயிரையே எடுத்துவிடும். நான் கண்ட வயலெட் சாவுகளில் பெரும்பாலானவை தாகத்தால் வந்தவை அல்ல.

அதனால்தான் எவ்வளவு நீர் என்பதோடு எந்த வழியாக நீர் என்பதும் இந்தச் செடிக்கு முக்கியமாகிறது. ஒரே தாய்ச்செடியின் இலைகளிலிருந்து வந்த மூன்று கன்றுகளைக் கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கிழக்குச் சன்னலோரம் வைத்து, ஒன்றுக்கு மேலிருந்து ஊற்றியும், ஒன்றைத் தட்டு நீரில் வைத்தும், ஒன்றுக்குத் திரி போட்டும் இரண்டு ஆண்டுகள் வளர்த்தேன். என் தேர்வு தட்டு. ஆனால் மற்ற இரண்டையும் தள்ளிவிட முடியாது.

செடியின் பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் மூன்றையும் எடைபோடுவது எளிது. இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைக்காடுகளில் இதைக் கண்டு, 1892-இல் ஜெர்மனிக்கு அனுப்பியவர் அங்கே அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால். அவர் பெயரால் 1893-இல் ‘செயின்ட்பாலியா’ என்று பெயரிட்டவர் தாவரவியலாளர் ஹெர்மன் வென்ட்லாண்ட். வயலெட் குடும்பத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. பூவின் சாயல் மட்டும்தான். காட்டில் இது மர நிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில், கையளவு மக்கில் வேர் பிடித்து வாழ்கிறது. நீர் கசிந்து வரும், தேங்காமல் வடிந்துவிடும். ஈரமும் காற்றும் சேர்ந்தே இருக்கும் அந்த இடுக்கைத்தான் நாம் தொட்டிக்குள் உண்டாக்க வேண்டும்.

முதலில், மேலிருந்து ஊற்றுவது. பலர் இதைக் கூடாத செயலாகவே சொல்கிறார்கள். இலையில் நீர் பட்டால் புள்ளி விழும் என்பது அவர்களின் அச்சம். பழி நீர் மேல் இல்லை, அதன் குளிர்ச்சி மேல். சன்னல் வெளிச்சத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் இலையில், மார்கழிக் காலையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் சில்லென்ற நீர் பட்டால், அந்த இடத்துச் செல்கள் சிதைந்து வெளிறிய வளையங்கள் விழும். அவை பிறகு மறைவதில்லை. அறை வெப்பத்தில் இருக்கும் நீரால் இலைத் தூசியைக் கழுவி, நிழலில் உலரவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. உண்மையான ஆபத்து குருத்தில்தான். நடுவில் நீர் தேங்கி இரவைக் கடந்தால் குருத்து அழுகத் தொடங்கும். நீண்ட மூக்குள்ள பூவாளியால் இலைகளுக்கு அடியில் ஊற்றுவதும், குருத்தில் நீர் பட்டால் காகிதத்தால் ஒற்றி எடுப்பதும் இதற்குப் போதும். மண் நன்றாகக் காய்ந்து தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: ஊற்றிய நீர் ஓரத்து இடுக்கு வழியே ஓடித் தட்டில் நிற்கும், வேர்ப்பந்து உலர்ந்தே இருக்கும். நிறைய ஊற்றினோம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். ஆனால் மண்ணில் சேரும் உப்பைக் கழுவி வெளியேற்ற மேலிருந்து ஊற்றுவதை விட்டால் வேறு வழி இல்லை.

அந்த உப்புதான் தட்டு முறையின் பலவீனம். தட்டில் இரண்டு சென்டிமீட்டர் நீர் ஊற்றி, தொட்டியை அதில் வைத்து, இருபது முப்பது நிமிடங்களில் மேல்மண் ஈரமானதும் மீதி நீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டாமல் மறுநாள் வரை விட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. நீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உரமும் மேல்மண்ணிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகின்றன. மண்தொட்டியின் விளிம்பில் சாய்ந்திருக்கும் இலைக்காம்பு அந்த உப்பு பட்டுப் பழுப்பாகி, மெலிந்து, அங்கேயே மடிந்துவிடும். இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை மேலிருந்து நிறைய நீர் ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். விளிம்பில் உருக்கிய மெழுகு பூசுங்கள். சிறுவாணி நீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. பல தொட்டிகளை ஒரே தட்டில் உட்கார வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒன்றின் வேரில் மாவுப்பூச்சி இருந்தால் போதும், நீர் வழியே எல்லாவற்றுக்கும் பரவிவிடும்.

இத்தனை குறை சொல்லியும் நான் தட்டையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது ஒவ்வொரு முறையும் என்னைத் தொட்டியைத் தூக்க வைக்கிறது. எடை தெரிகிறது. இலையின் அடிப்புறம் கண்ணில் படுகிறது. காம்பின் மடிப்பில் பஞ்சுபோல ஒட்டிய பூச்சியை ஒன்றிரண்டாக இருக்கும்போதே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம்.

திரி முறையின் தத்துவம் அகல் விளக்கு. எண்ணெய் திரியில் ஏறுவதுபோல, கீழே உள்ள டப்பாவிலிருந்து நூல் வழியாக நீர் மண்ணுக்கு ஏறும். நைலான் அல்லது அக்ரிலிக் நூல்தான் வேண்டும். பருத்தி நூல் சில மாதங்களில் மக்கிவிடும். தொட்டியின் அடி நீரைத் தொடக்கூடாது. மூன்றிலும் அழகாக வளர்ந்தது இந்தத் திரிச்செடிதான். இலைகள் கோலம் போட்டதுபோல வட்டமாக விரிந்தன, பூவுக்கும் குறைவில்லை. ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் கவலை இல்லை.

ஆனால் முதலில் இறந்ததும் அதுதான். இரண்டாம் ஆண்டு கோடையில், அறை வெப்பம் முப்பதைத் தாண்டிய வாரங்களில், செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது, திரி நிறுத்தவில்லை. எப்போதும் நனைந்த, சூடான மண் வேரழுகல் பூஞ்சைக்கு விருந்து. நடுக்குருத்து கறுத்த பிறகே எனக்குத் தெரிந்தது. தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

பிழையில் பாதி மண்கலவையில் இருந்தது. செம்மண், மணல், தொழுவுரம் என்று நர்சரியில் தரும் வழக்கமான கலவையில் திரி போட்டால் சேறுதான் மிஞ்சும். திரிக்குப் பாதிக்குப் பாதி பெர்லைட் (மண்ணைப் பொலபொலவென்று வைக்கும் லேசான வெள்ளைத் துகள்கள்) வேண்டும். மீதி, உப்புப் போக நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு. தட்டு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் போதும். சமவெளியில் இருப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் திரியை டப்பாவிலிருந்து வெளியே எடுத்துவிட்டுத் தட்டுக்கு மாறுவதே பாதுகாப்பு. ஊட்டியிலோ குன்னூரிலோ கோடையில் இந்த மாற்றம் தேவைப்படாது.

தொட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரிக்கு பிளாஸ்டிக், கை தாராளமாக ஊற்றிவிடும் என்றால் மண்தொட்டி. எதுவானாலும் அகலம் செடியின் விரிவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் புளித்துப்போகும்.

நீரால் தீராத குறைகளும் உண்டு. பூக்கவே இல்லை, காம்புகள் மேல்நோக்கி நீள்கின்றன என்றால் வெளிச்சம் போதவில்லை. சன்னல் இல்லாத இடத்தில் எல்.இ.டி. விளக்கைச் சுமார் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு, இரவில் முழு இருட்டைக் கொடுங்கள். இதழ்மேல் மகரந்தம் பொடியாகச் சிந்தியிருந்தால் இலைப்பேன். பூக்கள் எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும். நடு இலைகள் சுருங்கி, சாம்பல் நிறமாகி, கிள்ளினால் ஒடிந்தால் அது கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் வகையாக இருக்கக்கூடும். அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து அன்றே பிரித்துவிடுங்கள்.

திரிச்செடியின் குருத்து கறுத்த அன்று, வெளிவட்டத்தில் இன்னும் விறைப்பாக இருந்த ஓர் இலையை மூன்று சென்டிமீட்டர் காம்போடு சாய்வாக வெட்டி, ஈரப் பெர்லைட்டில் செருகி, பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்தேன். இரண்டரை மாதம் கழித்துக் காம்படியில் நான்கு சின்னக் கன்றுகள் எட்டிப் பார்த்தன. நான்கும் இப்போது தனித்தனித் தட்டுகளில் இருக்கின்றன.